சுவருக்குள் யார் தட்டுவது?

அடுக்குமாடிக் குடியிருப்பில் ரகசியம் காப்பது கடினம். மேல்வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு எழுந்தார், எதிர்வீட்டுப் பையன் ராத்திரி எத்தனை மணிக்கு வந்து கை கால் கழுவினான் என்பதையெல்லாம் குழாயே ஊருக்குச் சொல்லிவிடுகிறது. பகலில் தெருச் சத்தத்தில் அமுங்கிக் கிடக்கும் குழாய்கள் விளக்கணைத்த பிறகுதான் வாய் திறக்கின்றன. டம்மென்று ஓர் அடி. பிறகு நீண்ட ஊளை. பிறகு சுவருக்குள் யாரோ விரலை மடக்கித் தட்டுவதுபோல் பத்து நிமிடம் டக், டக்.

கேட்டுக் கேட்டுப் பழகிவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பழகாதவர்களும் வீட்டில் இருக்கிறார்கள். ஒருமுறை தூக்கம் கலைந்தால் விடியும்வரை விழித்திருக்கும் பெரியவர் இருக்கிறார். கைக்குழந்தை இருக்கிறது. தண்ணீர் விடிகாலையில் மட்டும் வரும் ஊர்களில் அதைப் பிடித்து வைக்க எழுபவர் பெரும்பாலும் பெண். திறந்தால் வீடே எழுந்துவிடுமே என்று பயந்து, இருட்டில் குழாயை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டு நிற்பவரும் அவரே.

இன்னொரு ரகத்தினர் நேர் எதிர்முனைக்குப் போகிறார்கள். பிளம்பர் வருகிறார், சுவரைத் தட்டிப் பார்க்கிறார், உடைத்தால்தான் தெரியும் என்கிறார். உடைக்கப்படுகிறது. பழைய டைல்ஸின் நிறம் இப்போது கடையில் இல்லை. சில நேரம் இத்தனைக்கும் பிறகு சத்தம் அப்படியே இருக்கிறது. சுத்தியலுக்கு முன்னால் காதைப் பயன்படுத்தியிருந்தால் பெரும்பாலான வீடுகளில் ஒரு ஸ்பானரோடும் சில ரூபாய் வாஷரோடும் காரியம் முடிந்திருக்கும்.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: சத்தம் எப்போது வருகிறது? தண்ணீர் ஓடும்போதா, குழாயை மூடும் அந்தக் கணத்திலா, அல்லது யாரும் எதையும் தொடாதபோதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. எனவே மருந்தும் வேறு. பிளம்பரை அழைப்பதற்கு முன் இரண்டு நாள் கவனித்து, எந்தக் குழாய், எந்த நேரம், எப்படிப்பட்ட சத்தம் என்று ஒரு காகிதத்தில் குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. இந்தியாவின் பெருநகரங்களில் பிளம்பிங் வேலை செய்பவர்களில் கணிசமானோர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த மாவட்டத்தின் பட்டமுண்டாயில் இந்தத் தொழிலுக்கென்றே ஓர் அரசுப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அனுபவமுள்ள இந்தக் கைகளுக்கு, "குழாய் கத்துகிறது" என்பதைவிட, "பாதி திறந்தால் கத்துகிறது, முழுக்கத் திறந்தால் நின்றுவிடுகிறது" என்ற தகவல் பல மடங்கு பயன்படும்.

பாதி திறந்தால் மட்டும் வரும் ஊளையிலிருந்தே தொடங்கலாம். நம் வீடுகளில் மிகச் சாதாரணம் இதுதான். பலமுறை சுற்றித் திறக்கும் பழைய பாணிக் குழாயின் உள்ளே ஒரு தண்டு. அதன் நுனியில் ரப்பர் வாஷர். மூடும்போது இந்த வாஷர் கீழேயுள்ள பித்தளை வாயில் போய் அழுந்தித் தண்ணீரைத் தடுக்கிறது. நாளாக ஆக வாஷர் தேய்கிறது, அல்லது அதைப் பிடித்திருக்கும் பகுதி தளர்கிறது. அப்போது அடியில் பாயும் தண்ணீர் அதைத் தூக்கியும் இழுத்தும் ஆட்டுகிறது. ஒரு வினாடியில் எத்தனையோ முறை வாஷர் பித்தளையில் மோத, அது ஊளையாகக் காதில் விழுகிறது. முழுக்கத் திறந்தால் வாஷர் தூரப் போய்விடுவதால் சத்தம் நிற்கிறது. நோய் இதுதான் என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம்.

வாஷர் மாற்ற முதலில் அந்தக் குளியலறைக்கு வரும் வால்வை மூட வேண்டும். குழாயைத் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். தரையில் வடிகால் வாயை ஒரு துணியால் மூடிவிடுவது புத்திசாலித்தனம். கைதவறும் சின்னத் திருகாணிகள் நேரே அங்கேதான் போய்ச் சேரும். குழாயின் தலைப்பகுதியைச் சுற்றி ஒரு துணியை வைத்து, அதன்மேல் ஸ்பானர் போட்டுத் திருகினால் பளபளப்பில் கீறல் விழாது. தலை கழன்றதும் பழைய வாஷரை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போவதே மேல். அளவை வாயால் சொல்லி வாங்கினால் இரண்டு நடை ஆகும். சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிப் போடும் கைவைத்தியம் நம்மவர்களுக்குப் பிரியமானது. இந்த இடத்தில் அது வேண்டாம். ட்யூப் ரப்பர் மெல்லியது. தண்ணீரில் படபடத்து முன்னைவிட அதிகமாகக் கத்தும். புது வாஷர் போட்டும் ஊளை தொடர்ந்தால் அடியிலுள்ள பித்தளை வாயில் பள்ளம் விழுந்திருக்கலாம். பல வீடுகளில் அந்தக் கட்டத்தில் குழாயையே மாற்றுவதுதான் மலிவு.

கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய்களில் இந்த வாஷர் கிடையாது. உள்ளே இரண்டு செராமிக் வில்லைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. அவை சீழ்க்கை அடித்தால் முதலில் குழாயின் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தொட்டியின் மண்ணும் கடின நீரின் உப்பும் சேர்ந்து அதை அடைத்திருக்கும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

எந்தக் குழாயைத் திறந்தாலும், எவ்வளவு திறந்தாலும் ஸ்ஸ் என்ற இரைச்சல் வருகிறது என்றால் பழி வாஷரின் மேல் இல்லை. வேகம்தான் காரணம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கூடுகிறது. பத்து மாடிக் கட்டடத்தில் மேல்வீட்டுக்காரர் ஷவரில் தண்ணீர் சொட்டுகிறது என்று புலம்ப, அதே குழாயின் அடியில் தரைத்தள வீட்டில் 3 கிலோ அழுத்தம் சீறிக்கொண்டிருக்கும். அரை அங்குலக் குழாயில் தண்ணீர் வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடினால் இரைச்சல் காதில் படத் தொடங்கும். கீழ்த்தள வீடுகளில் வாஷ்பேசினுக்கும் ஃப்ளஷ் டேங்குக்கும் அடியில் இருக்கும் ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் மூடிவைப்பது கைச்செலவில்லாத வைத்தியம். தண்ணீரும் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. குளியலறைக்கு மேலே சக்கரக் கைப்பிடியோடு இருக்கும் கேட் வால்வைப் பாதியில் நிறுத்தி வேகத்தைக் குறைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கேட் வால்வ் ஒன்று முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அதன் உள்தகடு தண்ணீரோட்டத்தில் ஆடி அதுவே கடகடக்கும். சத்தத்தைக் குறைக்கப் போய்ச் சத்தத்தை விலைக்கு வாங்கிய வீடுகள் உண்டு. கேட் வால்வ் பாதியில் நிற்கிறதா என்று பார்த்து முழுக்கத் திறந்துவிட்டதும் இரைச்சல் நின்ற வீடுகளும் உண்டு.

குழாயை மூடியதும் வரும் டம் என்ற அடி கவலைப்பட வேண்டிய ரகம். ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீருக்குக் கனமும் வேகமும் இருக்கிறது. திடீரென்று கதவைச் சாத்தினால் பின்னாலிருந்து வரும் தண்ணீர் வந்த வேகத்தில் மோதுகிறது. மோதலின் அதிர்ச்சி குழாய் வழியே அலையாகத் திரும்பிப் போய், மறுபடி வந்து மோதுகிறது. 1897-98ல் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதனை நடத்தி இதைக் கணக்காக எழுதியவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கலாய் ஜுக்கோவ்ஸ்கி. அவர் கணக்குப்படி இரும்புக் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தினால், ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோவுக்கும் அதிகமான அழுத்தம் ஒரு கணம் எழும். சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதில் இதன் பாதிக்கும் குறைவு. கையால் மூடும்போது இந்த உச்சம் வருவதில்லை. ஆனால் வாஷிங் மெஷினில் மின்சாரத்தால் சட்டென்று மூடும் வால்வும், ஒரு தட்டில் சாத்தப்படும் கால் சுற்றுக் குழாயும் அதை நோக்கி வெகுதூரம் போகின்றன. பழைய திருகுக் குழாய் இருந்தவரை வீட்டில் இந்தச் சத்தம் கேட்டதே இல்லை, புதுக் குழாய் மாட்டிய அன்றிலிருந்துதான் தொல்லை என்பார்கள். அவர்கள் சொல்வது சரி.

இந்த அடி தினமும் ஐம்பது முறை விழுந்தால் பலவீனமான இடம் விட்டுக்கொடுக்கும். துருப்பிடித்த ஜி.ஐ. குழாயின் மரை, அவசரத்தில் ஒட்டிய எல்போ, கீசரின் இணைப்பு என்று எதுவும் அந்த இடமாக இருக்கலாம். சுவருக்குள் கசியும் நீர் முதலில் தெரிவது கீழ்வீட்டுக் கூரையில். ஈரம் யாருடையது, செலவு யாருடையது என்ற வழக்கு அதன்பிறகு தொடங்கும். பல குடியிருப்புகளில் இரண்டு குடும்பங்கள் பேச்சு நிறுத்தியதற்குப் பின்னால் இப்படி ஒரு சத்தம் வருஷக்கணக்கில் கவனிப்பாரற்று இருந்திருக்கிறது.

முதல் வைத்தியம் செலவில்லாதது. கால் சுற்றுக் குழாயை ஒரே தட்டில் சாத்தாமல் இரண்டு மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல மூட வேண்டும். வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் இதை ஒருமுறை சொல்லிப் பலன் கிடைக்காது. அந்தக் குழாயின் ஆங்கிள் காக்கைக் குறைத்துவைப்பதே பலன் தரும். வேகம் பாதியானால் அடியும் பாதியாகும். வாஷிங் மெஷினின் குழாயையும் முழுக்கத் திறந்துவைக்கத் தேவையில்லை. அதிலும் அடங்காவிட்டால் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் சிறிய குப்பி போன்ற சாதனத்தை மெஷினின் இணைப்புக்கு அருகிலேயே பொருத்தலாம். அதன் உள்ளே அடைபட்ட காற்று ஒரு மெத்தைபோல் வேலை செய்கிறது. சில பழைய கட்டடங்களில் குழாய்க்கு மேலே ஓரடி உயரத்துக்கு மூடிபோட்ட ஒரு துண்டுக் குழாய் நிற்பதைப் பார்க்கலாம். அதுவும் இதே மெத்தைதான். வருஷங்கள் போகப்போகக் காற்று தண்ணீரில் கரைந்து, துண்டுக் குழாயிலும் தண்ணீர் நிரம்பிவிடும். முன்பு இல்லாத அடிச்சத்தம் இப்போது வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தொட்டி வால்வை மூடி, வீட்டின் எல்லாக் குழாய்களையும் திறந்து முழுக்க வடித்துவிட்டு, பிறகு குழாய்களை மூடி மெல்லத் தண்ணீர் விட்டால் காற்று மறுபடி இடம் பிடித்துக்கொள்ளும்.

அடி சிறியதாக இருந்தும் சத்தம் பெரிதாகக் கேட்டால் குழாய் எங்கோ பிடியில்லாமல் தொங்குகிறது என்று பொருள். டக்டில் எட்டிப் பார்த்தால் தெரியும். கிளாம்ப் துருப்பிடித்து விழுந்திருக்கும், அல்லது ஆணி சுவரைவிட்டு வந்திருக்கும். அரை அங்குல, முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் குழாய்க்குக் கிட்டத்தட்ட மீட்டருக்கு ஒரு பிடி வேண்டும். கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு துண்டு சைக்கிள் ட்யூபைச் சுற்ற வேண்டிய இடம் இதுதான். மேல் மாடி டக்டுக்குள் எட்டிக் கைவைப்பது மட்டும் வீட்டுக்காரரின் வேலையல்ல. அதற்குக் கயிறும் ஆளும் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

சுடுநீர்க் குழாயை இப்படி இறுக்கக் கூடாது. குளித்து முடித்தபின் சுவருக்குள் டக், டக்கென்று கேட்கும் மர்மத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. 3 மீட்டர் நீளமுள்ள சிபிவிசி குழாய் 40 டிகிரி சூடேறினால் சுமார் 8 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே அளவு இரும்புக் குழாய் நீள்வது ஒன்றரை மில்லிமீட்டர்தான். நீள்வதற்கு இடமில்லாமல் இறுக்கிய பிடியிலும் சிமெண்டிலும் உரசிக்கொண்டு குழாய் விட்டுவிட்டு நகர்கிறது. ஆறும்போது அப்படியே திரும்பி வருகிறது. ஒவ்வொரு நகர்வும் ஒரு டக். வெளியே தெரியும் இடங்களில் கிளாம்பைச் சற்றுத் தளர்த்தி, குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டையில் சிமெண்டுக்குப் பதிலாகப் பஞ்சுபோன்ற ஃபோம் அடைத்தால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். முழுக்கச் சுவருக்குள் போன குழாயில் செய்யக்கூடியது, கீசரின் தெர்மோஸ்டாட்டை இறக்கிவைப்பது. டக் சத்தத்தால் குழாய்க்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. இதற்காக டைல்ஸை உடைக்கச் சொல்லும் பிளம்பரிடம் இன்னொரு முறை யோசிப்பதாகச் சொல்லிவிடலாம்.

கீசரே கெட்டில்போல் கொதிக்கும் சத்தம் போட்டால் சூடேற்றும் கம்பியில் உப்பு படிந்துவிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். வீட்டு வைத்தியம் இதில் கிடையாது. கீசரின் பாதுகாப்பு வால்வில் சூடேறும்போது ஒன்றிரண்டு சொட்டு விழுவதைப் பார்த்துச் சிலர் அதை அடைத்துவிடுகிறார்கள். அது தற்கொலைக்குச் சமம்.

ஃப்ளஷ் டேங்க் இரவெல்லாம் முனகினால் மிதவை வால்வின் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது டேங்க் அடியில் ஒழுகிக்கொண்டே இருப்பதால் நிரம்பிக்கொண்டே இருக்கும். டேங்கில் இரண்டு சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் யாரும் தொடாமல் வைத்தால் கோப்பைக்குள் நீலம் இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். இறங்கினால் சத்தத்தோடு தண்ணீரும் பறிபோகிறது. லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்புகளில் இதன் விலையைச் சொல்ல வேண்டியதில்லை.

விடியற்காலை வாளிச் சத்தத்துக்குப் பாட்டிமார்களின் வழியே இன்றும் சிறந்தது. குழாயின் வாயில் ஒரு மெல்லிய துணியைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் துணிவழியே சத்தமில்லாமல் இறங்கும். மண்ணையும் வடிகட்டும். ரப்பர் ட்யூபை மாட்டி வாளிக்குள் மூழ்கவிடுவது அவ்வளவு நல்லதல்ல. நகராட்சிக் குழாயில் தண்ணீர் நின்று உள்ளே வெற்றிடம் உண்டானால், வாளித் தண்ணீர் திரும்பக் குழாய்க்குள் இழுக்கப்படும். நேரம் குறித்துத் தண்ணீர் விடும் ஊர்களில் குழாய்கள் காற்றைத் துப்பிக்கொண்டு படபடப்பதும் இந்த நின்று நின்று ஓடும் விநியோகத்தால்தான். ஒரு குழாயைச் சற்றே திறந்துவைத்துக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பிறகு மற்றவற்றைத் திறந்தால் ஆர்ப்பாட்டம் குறையும். மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீரிலும் காற்று அடைத்துக்கொண்டால், தொட்டியின் வெளிக்குழாயில் வால்வுக்கு அடுத்தாற்போல் ஒரு காற்றுக்குழாயைத் தொட்டியின் உயரத்துக்கு மேல்வரை நிறுத்துவது பழைய, கைகண்ட வழி.

தன் வீட்டில் எந்தக் குழாயும் ஓடாதபோது வரும் சத்தம் கட்டடத்துக்குப் பொதுவானது. அதைக் குடியிருப்போர் சங்கத்திடம்தான் கொண்டுபோக வேண்டும். மோட்டாரை நிறுத்திய கணத்தில் கட்டடமே அதிர்ந்தால், ஏறிய தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வ் அறைந்து சாத்துகிறது. ஸ்பிரிங் உள்ள வகைக்கு மாற்றினால் அடங்கும். மோட்டாருக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தை போடுவதும், இரவு 10 மணிக்கு முன் தொட்டியை நிரப்பிவிடுவதும் சங்கத்தின் ஒரு தீர்மானத்தில் முடியும் வேலைகள். 2000ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அது வெளிப்புறச் சத்தத்துக்கான வரம்பு, சுவருக்குள் இருக்கும் குழாயை அளக்க யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவும்.

மேல்வீட்டில் ஃப்ளஷ் இழுத்ததும் படுக்கையறைச் சுவரில் அருவி விழுவது, கனமான வார்ப்பிரும்புக் குழாய்கள் போய் லேசான பிவிசி வந்ததன் விளைவு. குழாயைச் சுற்றி முதலில் கண்ணாடிப் பஞ்சு அல்லது ஃபோம், அதன்மேல் கனமான ரப்பர் ஷீட் என்று இரண்டு அடுக்காகச் சுற்றினால் நன்றாகக் குறையும். அடைப்பெடுக்கும் மூடியை மட்டும் சேர்த்துச் சுற்றிவிடக் கூடாது.

அந்த அருவிக்குப் பின்னால் உங்கள் குளியலறைத் தரையிலுள்ள நஹானி ட்ராப் களக், களக்கென்று விழுங்கும் சத்தம் போடுகிறதா என்று கேளுங்கள். இத்தனை சத்தங்களிலும் அலட்சியப்படுத்தவே கூடாதது இதுதான். ட்ராப்பின் வளைவில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் எப்போதும் தேங்கி நின்று, சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுக்க வேண்டும். மேலிருந்து விழும் கழிவுநீருக்குப் பின்னால் காற்று வர வழியில்லாவிட்டால் அது உங்கள் ட்ராப்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். நாற்றமும் கரப்பான்பூச்சியும் அடுத்தபடி. 2003ல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300க்கும் அதிகமானோரைத் தொற்றியபோது, விசாரித்தவர்களின் சந்தேகம் குளியலறைத் தரையில் வறண்டுபோன இத்தகைய ட்ராப்களின் மேல்தான் விழுந்தது.

ஒரு குவளைத் தண்ணீரை ட்ராப்பில் ஊற்றுவது அன்றைக்குப் போதும். நிரந்தரத் தீர்வு மொட்டைமாடியில் இருக்கிறது. கழிவுக் குழாயின் மேல்நுனி அங்கே வானத்தைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். குருவிக்கூடு, பந்து, செங்கல் துண்டு, கொசுவுக்குப் பயந்து யாரோ மாட்டிய பிளாஸ்டிக் மூடி என்று ஏதாவது ஒன்று அதை அடைத்திருக்கும். எடுத்துவிட்டு வாயில் கொசுவலை கட்டி, அது அடைகிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.